இறக்கத்தில் விற்கக் கூடாது

எங்கள் வீட்டில் சமையல் என் வேலை, பாத்திரம் கழுவுவது தம்பி ரெமியின் வேலை. நாங்கள் ஒருவரையொருவர் வெறுத்தோம் என்று இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன், மேடம். வெறுப்பு இருக்கிற வீட்டில் இப்படி வேலையைப் பிரித்துக்கொள்ள முடியாது. அவன் கழுவும்போது ரேடியோவில் கால்பந்து கேட்பான். நான் துணியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று துடைப்பேன். என் கணவர் போன பிறகு நான் தம்பி வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான்.

போன பிறகு என்றால் இறந்த பிறகு அல்ல. அவர் கோர்தோபா நகரத்தில் நன்றாகவே இருக்கிறார். எங்கள் நிலத்தை விலை அடிமட்டத்தில் இருந்தபோது பயந்துபோய் விற்றார், அதற்கு முன்பே என் பெயரில் கடன் வாங்கியிருந்தார், பிறகு கிளம்பிவிட்டார். அதனால் எந்த வங்கியிலும் என் பெயர் செல்லாது. எங்கள் அப்பாவின் பட்டறையை விற்ற பணம் முழுவதும் ரெமியின், அதாவது ரெமிஹியோவின், பெயருக்குப் போனதற்குக் காரணம் அதுதான். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை.

அப்பா சோபாக்களுக்கு உறை தைப்பவர். பட்டறை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை வந்திருக்கிறது. அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் கேட்டதும் அதைத்தான், ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரெமி ஆற்றங்கரைச் சாலையில் தள்ளுவண்டி வைத்திருந்தான். சோரிசோ தொத்திறைச்சியைக் கரியில் சுட்டு ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பான். துடுப்புப் போட வரும் பிள்ளைகள், நடைப்பயிற்சி முடித்த பெண்கள், மீன்பிடிப்பவர்கள் என்று எல்லோரும் அவனிடம் சாப்பிடுவார்கள். யாரும் நோட்டு கொடுப்பதில்லை. வண்டியில் தொங்கும் க்யூஆர் அட்டையைப் போனில் படம் பிடித்துப் பணம் அனுப்புவார்கள். அவன் போன் டிங் என்று சொல்லும். அந்தச் சத்தம் அவனுக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கட்டண ஆப்பை அவன் 'பர்ஸ்' என்றுதான் சொல்வான்.

நான் சொன்னது வேறு. ஓய்வூதியர் சங்கத்தில் ஒரு பையன் வந்து பேசிவிட்டுப் போனான். தானாகவே முதலீடு செய்யும் சேவை ஒன்று இருக்கிறது, நாம் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும், பங்குகளையும் பத்திரங்களையும் அதுவே பார்த்து வாங்கும், விற்கும் என்றான். மனிதக் கை படாது என்றான். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நடந்த சேதமெல்லாம் மனிதக் கை பட்டதால் நடந்தது.

ரெமி மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "எதுக்குக்கா இந்தத் தலைவலி? பர்ஸ்லயே கிடக்கட்டும். தினம் காலையில கொஞ்சம் வட்டி போடுறான். வேணும்னா அந்த நிமிஷமே எடுத்துக்கலாம்."

"அந்த நிமிஷமே எடுக்கலாம்கிறதுதான்டா அதுல இருக்கிற வியாதி."

"பணம்னா எடுக்கத்தானே? நீ என்ன, ஊறுகாயா போடப் போற?"

"பர்ஸ்ல கிடந்தா நீ வண்டிக்குச் சக்கரம் மாத்துவ, உன் சிநேகிதன் குஸ்தோதியோவுக்குக் கைமாத்து குடுப்ப, நாலு பேருக்கு ஓசியில சோரிசோ போடுவ. வருஷக் கடைசியில பர்ஸ்ல அட்டைதான் இருக்கும்."

"சரி, உன் ரோபோவுக்குப் பசிக்குமா? எனக்கு ஒரு கஷ்டம்னா அதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் நம்புறேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். இப்படியே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் சீட்டாட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவன்தான், நான் அல்ல. த்ரூக்கோ ஆடினோம். அந்த ஆட்டத்தில் கையில் இல்லாததை இருப்பதுபோலச் சொல்லலாம், எதிராளி நம்பினால் நம் பக்கம் வெற்றி. கடைசிக் கைக்கு என்னிடம் உருப்படியாக ஒரு சீட்டும் இல்லை. நான் பந்தயத்தை ஏற்றினேன். அவன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சீட்டைக் கீழே போட்டான். அது பொய் ஆகாது, மேடம். விதியே அப்படித்தான்.

அன்றே அவன் போனில் அந்தச் சேவையை ஏற்றி, அவன் பெயரில் கணக்கு திறந்தேன். கேள்விகளுக்கு நான் பதில் சொன்னேன், அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கடைசிக் கேள்வி இது: ஒரே மாதத்தில் உங்கள் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? உடனே விற்பேன், காத்திருப்பேன், இன்னும் வாங்குவேன் என்று மூன்று பதில்கள் இருந்தன. நான் மூன்றாவதைத் தொட்டேன். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, நீங்கள் பொறுமையான முதலீட்டாளர் என்று வந்தது.

பள்ளி அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒருவரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை ரெமியிடம் காட்டினேன்.

"யாரு, நானா பொறுமைசாலி? சோரிசோ வேகுறதுக்குள்ள மூணு தடவை குத்திப் பாக்குற ஆளு நான்."

"இது உன்னைச் சொல்லலைடா."

"என் பேருதானே போட்டிருக்கு?"

அவன் சொன்னது சரிதான். அவன் பெயர்தான் போட்டிருந்தது.

முதல் வருஷம் நன்றாக இருந்தது. காலையில் வெந்நீர் கொதிக்கிற நேரத்தில் அவன் முகத்தைக் காட்டிப் போனைத் திறந்து என்னிடம் கொடுப்பான். அவன் ஆப்களுக்கான இரகசிய எண்கள் எனக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் அம்மா பிறந்த வருஷத்தைத்தான் வைத்திருந்தான். நான் வரைபடத்தைப் பார்ப்பேன். ஒரு கோடு இடதிலிருந்து வலதுக்கு ஏறிக்கொண்டு போகும். "இன்னைக்கு உன் ரோபோ என்ன சொல்றாரு? தூங்கினாரா, சாப்பிட்டாரா?" என்று கேட்பான். ஏறியிருந்தால் சொல்வேன். இறங்கியிருந்தால் பேசாமல் இருப்பேன். அவனுக்கும் அது புரியும், அன்றைக்கு வெண்ணெய் தடவிய ரொட்டியை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

இரண்டு தடவை பணம் கேட்டான். ஒரு தடவை வண்டிக்குக் கூரை போட, இன்னொரு தடவை எதற்கென்று நினைவில்லை. மூன்று வருஷம் தொடக்கூடாது என்று பேசியிருந்தோம். அதை நினைவுபடுத்தினேன். அவன் வற்புறுத்தவில்லை. மழைக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டான்.

போன வசந்தகாலத்தில் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மேட்டுச் சாலையில் வண்டி தள்ளும்போது நின்று நின்று வந்தான். ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னாலேயே மயங்கி விழுந்தான். குஸ்தோதியோதான் தூக்கிப் போனார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர், வண்டிக்குப் பக்கத்தில்தான் சவாரிக்குக் காத்திருப்பார், ரெமிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். இதய மருத்துவர் பெரால்டா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் பெரிய வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனால் முறை வர எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது. தனியார் கிளினிக்கில் பாதித் தொகையைக் கட்டினால் தேதி கொடுப்பார்கள். கோடை முடிவதற்குள் செய்துவிடுங்கள், அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் சாட்சி சொன்னது சரி. எனக்கு நன்றாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ரெமி நாற்காலியில் உட்கார்ந்து, "சரிக்கா, ரோபோவை எழுப்பு. வேலை வந்திருக்குன்னு சொல்லு" என்றான்.

அந்த மாதம்தான் கோடு இறங்கியிருந்தது, மேடம். நான் இதை உங்களுக்குப் புரியவைக்க விரும்புகிறேன். கேள்வித்தாளில் கேட்ட அதே அளவுக்கு, ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. கேள்வி கேட்டது வெறும் சம்பிரதாயத்துக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அது நிஜமாகவே என்னைக் கேட்டது. என் கணவர் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே விற்றிருப்பார். திரையின் மேலேயே எழுதியிருந்தது, சந்தை இறங்குவது இயல்பு, பதற்றத்தில் விற்பவர்களே இழக்கிறார்கள் என்று. அதை எழுதியவர்களுக்கு ரெமியைத் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னது தப்பில்லை.

"இப்ப எடுத்தா நஷ்டம்டா. கொஞ்சம் ஏறட்டும்" என்றேன்.

"எவ்ளோ கொஞ்சம்?"

"போட்ட அளவுக்காவது வரட்டும்."

அவன் தலையாட்டினான். அடுத்த மாதமும் கேட்டான். கோடு இன்னும் கீழே இருந்தது. இந்தத் தடவை அவன் விடவில்லை. எடுக்க எத்தனை நாளாகும் என்று அந்தச் சேவையிடமே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தான். அங்கே பதில் சொல்வதும் இயந்திரம்தான். எழுத்து பொடியாக இருந்ததால் அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தான். கேட்டேன். இரண்டு வேலை நாளில் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்று பதில் வந்தது.

"என்ன சொல்லுது?"

"மார்ச் மாசம் வரைக்கும் பூட்டியிருக்காம்."

"பூட்டியா? நீ முன்னாடி சொல்லலையே."

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

நான் சொன்ன முதல் பொய் அது. அதற்கு முன்னால் சொன்னது ஒன்றும் பொய் இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனுக்கு மன உளைச்சல் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். எடுக்கலாம், ஆனால் எடுக்கக்கூடாது என்று சொன்னால் ஒரு மனிதன் ராத்திரி பகலாக அதையே நினைத்துக்கொண்டிருப்பான். பூட்டியிருக்கிறது என்றால் அதோடு விட்டுவிடுவான். அவன் விட்டுவிட்டான். "பாரு, நம்ம பணத்தையே நம்மகிட்ட குடுக்க மாட்டேங்குறான்" என்று குஸ்தோதியோவிடம் சொல்லிச் சிரித்தான். சிரிக்கும்போது இருமல் வந்தது.

குஸ்தோதியோவால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் சுபாவம் அப்படி. ஒரு மதியம் வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, மார்ச் வரைக்கும் இவன் தாங்க மாட்டான். நாங்க ஊர்ல வசூல் பண்ணப் போறோம். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?" என்றார்.

"பிச்சை எடுக்கிறது அவனுக்குப் பிடிக்காது."

"பிச்சை என்ன பிச்சை. அவன் எத்தனை பேருக்குக் கடனுக்கு ரொட்டி குடுத்திருக்கான் தெரியுமா? அதை இப்ப திருப்பிக் கேக்கிறோம்னு வெச்சுக்குங்க."

அவர் மனைவி இறைச்சி அடைத்த எம்பனாதா செய்து விற்றார். துடுப்புச் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மிதிவண்டியைக் குலுக்கலுக்கு வைத்தார்கள். ரெமியின் அட்டையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள், பணம் நேராக அவன் பர்ஸுக்கு வந்தது. அந்த இரண்டு வாரமும் வீட்டில் டிங் சத்தம் ஓயவில்லை. படுத்துக்கொண்டே ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயரைப் படிப்பான். "பாருக்கா, அந்தக் கஞ்சப்பய பெனித்தெஸ் கூட அனுப்பியிருக்கான். கடுகு தொட்டுக்க நான் காசு கேப்பேனோன்னு பயந்து வெறும் ரொட்டி தின்ற ஆளு அவன்." அழுதான். அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

கிளினிக்குக்குக் கட்ட வேண்டிய பாதித் தொகை சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குஸ்தோதியோ வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் கோடு அதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. ரெமி வழக்கம்போலப் போனைத் திறந்து, வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் நன்றி எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். நான் பதினைந்து இருபது பேருக்கு நன்றி எழுதினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன், ஒரே வாசகத்தை அனுப்பவில்லை. பிறகு அவன் பர்ஸில் இருந்த பணம் முழுவதையும் முதலீட்டுக் கணக்குக்கு மாற்றினேன்.

இந்த இடத்தில் உங்கள் உதவியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பரவாயில்லை. நான் விளக்குகிறேன். விலை இறங்கியிருக்கும்போது வாங்கினால் அதே பணத்துக்கு நிறைய கிடைக்கும். மேலே ஏறும்போது பழைய நஷ்டமும் சேர்ந்து அடைபடும். அப்படி அடைபட்டால் பாதித் தொகை அல்ல, முழுத் தொகையையும் கட்டலாம், அவனுக்குத் தனி அறை எடுக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் வாங்குவேன் என்று நான்தான் பதில் சொல்லியிருந்தேன். சொன்னபடி நடப்பவள் நான். அந்தப் பணத்தில் எனக்கென்று ஒரு பெசோ எடுக்கவில்லை. என் செருப்பைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தான். ஜனவரிக் கோடை வெயிலில் தெருவே தூங்கும். நான் தூங்கவில்லை, பின்னறையில் அவனுடைய நல்ல சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன், கிளினிக்குக்குப் போவதற்காக. அவன் கூப்பிட்டான். போனேன். படுக்கையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க ஒண்ணும் இல்லையே."

"இருக்கு. அந்தப் பக்கம் மாத்திட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"ரோபோ பக்கம்."

அவன் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். நான் போனை அவன் கையிலிருந்து வாங்கி வரைபடத்தைக் காட்டி, எந்த விலையில் வாங்கியிருக்கிறேன், எவ்வளவு ஏறினால் எவ்வளவு கிடைக்கும் என்று சொன்னேன். அவன் கோட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பூட்டியிருக்குன்னியே," என்றான்.

அப்போது உண்மையைச் சொன்னேன். பூட்டவில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். இனி மறைப்பதில் பயனில்லை என்று தோன்றியது. அவனுக்கே ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எல்லாரும் குடுத்தாங்களேக்கா," என்றான். "பெனித்தெஸ் கூட." அவ்வளவுதான் சொன்னான். திட்டவில்லை. பிறகு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மூச்சை எடுத்து எடுத்து, "போனைக் குடு" என்றான்.

"எதுக்கு?"

"குடு."

"அவசரப்படாதடா. இன்னைக்கு விக்காத."

"குஸ்தோதியோவைக் கூப்பிடணும். குடுக்கா."

அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. உதடு நீலமாக இருந்தது. கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான், நிற்க முடியவில்லை. நான் போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சண்டை வந்தால் அவனைத் தனியாக விட்டுவிட வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாகவே தணிந்துவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போனேன். பெட்டி சூடாகவே இருந்தது. காலரை முடித்தேன். அவன் சுவரில் தட்டினான். சட்டையின் ஒரு கையை முடித்தேன், பிறகு இன்னொரு கை. தட்டுவது நின்றது. சமாதானமாகிவிட்டான் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்தேன் என்று முதலில் காவலரிடம் சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். அவன் சமாதானமாகவில்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் தட்டுகிறவன் ஒரே இடத்தில் தட்டமாட்டான். அவன் ஒரே இடத்தில், தரைக்குப் பக்கத்தில் தட்டினான். அவனால் எழுந்து வரமுடியாது என்றும் தெரியும். என் போன் என் பக்கத்திலேயே சட்டைகளுக்கு நடுவில் இருந்தது, ஆம்புலன்ஸ் எண்ணும் தெரியும், பள்ளியில் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர்கள் அவனை நேராகக் கிளினிக்குக்குக் கொண்டு போவார்கள், அங்கே பணம் கேட்பார்கள், அன்றைய விலைக்கே எல்லாவற்றையும் விற்க வேண்டியிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்த பிறகும் நான் பொத்தான்களுக்கு நடுவில் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனபோது தரையில் இருந்தான். நாடி பார்த்தேன், இல்லை. கண் திறந்திருந்தது. என் ஏப்ரன் பையில் அவன் போன் அடித்தது, குஸ்தோதியோ. அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பிறகு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. போன் அவன் முகத்தைக் கேட்டது. குனிந்து காட்டினேன். திறந்துகொண்டது.

இரண்டு மணி நாற்பதுக்கு அந்தக் கணக்கைத் திறந்தது யார் என்றுதானே கேட்டீர்கள். நான்தான். கொஞ்சம் ஏறியிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை.

குஸ்தோதியோ காரோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறான், நாளைக்குப் போகலாம் என்றேன். "ஆளு பயந்துட்டானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பயப்படாத, நான் கூடவே இருப்பேன்னு சொன்னேன்னு சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினார். திருப்பியவர் தெருமுனையில் நின்றுவிட்டார். இறங்கி நடந்து வந்து, என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் கத்தியது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்து ரெமியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். சவ அடக்கத்தன்று தெருவில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பெனித்தெஸ் மட்டும் வந்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவரிடம் எதுவும் கேட்டு வாங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் இதைச் சொத்துக்காகச் செய்தது என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், அதில் எனக்கு வாதம் இல்லை. என் தம்பி சாகும்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன், அவன் பிழைக்கக்கூடும் என்று தெரிந்திருந்தும் சும்மா இருந்தேன். அவனுக்காக ஊர் கொடுத்த பணத்தை அவனிடமிருந்து எடுத்தேன். போனை அவன் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டேன். இதையெல்லாம் நான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், எனக்காக இல்லை. அவன் இறந்துவிட்டதால் கணக்கை முடித்துப் பணமாக்கி நீதிமன்றத்தில் வைக்கச் சொல்வார்கள் என்று என் வக்கீல் சொன்னார். நீதிபதியிடம் எடுத்துச் சொல்லுங்கள், மேடம், மார்ச் வரைக்கும் தொடவேண்டாம். இன்றைய விலைக்கு விற்றால் என் தம்பி பட்ட கஷ்டமெல்லாம் வீணாகிவிடும்.